நானூற்றிரண்டாம் வீட்டின் ஓடாத சைக்கிள்

1

இந்தக் கதை எனக்குக் கூரை வழியாக வந்தது. மராத்திக்காரர்கள் ஊரான ஔந்தில் எங்கள் அடுக்குமாடியில் நான் மூன்றாம் தளம். ஸ்ரீரஞ்சனியும் அவள் கணவர் கோகுல்நாத்தும் என் தலைக்கு நேர் மேலே நான்காம் தளம். ஜனவரியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மேலே ஒரு ரீங்காரம். அவர்கள் எதிர்வீட்டு வைஷாலி ஒருநாள் ரஞ்சனியை லிஃப்டில் நிறுத்தி, "பாபி, ஸுபஹ் ஸுபஹ் மிக்ஸர்?" என்று கேட்டே விட்டாள். காலங்கார்த்தாலே மிக்ஸியா என்று அர்த்தம். மதராசி வீடென்றால் விடியும் முன் மாவு அரைத்துத்தான் ஆகவேண்டும் என்பது அவள் எண்ணம்.

அன்று மாலையே ரஞ்சனி சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்க என் வீட்டுக்கு இறங்கி வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவர்களை நான் காப்பி கொடுக்காமல் அனுப்புவதில்லை. காப்பி குடித்தவர்களை விஷயம் சொல்லாமல் அனுப்புவதுமில்லை. கிடைத்ததைச் சேர்த்தேன், கிடைக்காததை எழுதிக்கொண்டேன்.

(எழுதிக்கொண்டேன் என்றால் இட்டுக்கட்டினேன் என்று படிக்கவும்.)

2

முதல் தொடக்கம்: "கோகுல்நாத்தின் இதயம் பழைய வீட்டுக் குழாயைப் போல—"

வேண்டாம். மனிதருக்கு வயது நாற்பத்தாறு. ஆகஸ்டில்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குள் உவமை என்ன வேண்டிக்கிடக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோகுல்நாத் ஹாலில் பெட்ஷீட்டை விரித்துத் தன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் சிங்ககட் கோட்டை மலைக்குச் சைக்கிளில் ஏறியவர். இனி ரோட்டில் ஓட்டக் கூடாது, வீட்டுக்குள் மெதுவாக மிதிக்கலாம், நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னர் வந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி, செயினை அந்த இயந்திரத்தின் பல்சக்கரத்தில் மாட்டி, அடியில் ரப்பர் மேட் போட்டு, எதிரே பெரிய ஃபேனை வைக்க அரை நாள் ஆயிற்று. பெட்ஷீட் முழுக்கக் கிரீஸ்.

"சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டறதுக்குப் பேரு சைக்கிளாங்க?"

"ஓடாத சைக்கிள்ல இருந்து விழ முடியாது ரஞ்சனி. உனக்காகத்தான் வாங்கினேன்."

(இந்தக் கடைசி வரியை அவர் சொன்னாரா என்று தெரியாது. தமக்கு வேண்டியதை வாங்கும்போது கணவன்மார் சொல்வது இதுதான் என்பதால் வைத்திருக்கிறேன்.)

அவர் நெஞ்சில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார். சமையலறை மேடையில் டேப்லெட். அவர் துடிப்பு அதில் எண்ணாகத் தெரியும். அந்த எண்ணுக்குக் காவல் ரஞ்சனி. இதுதான் ஒப்பந்தம்.

3

தினமும் நடந்தது இது. அடுப்பில் பால், கண் டேப்லெட்டில். தொண்ணூற்றாறு. நூற்றி நான்கு. அடுத்த அறையில் ரீங்காரம் ஏறும். நூற்றிப் பன்னிரண்டு. கரண்டி பாதியில் நிற்கும். நூற்றிப் பதினெட்டு.

"ஏங்க, மெதுவா."

"மெதுவாத்தான் மிதிக்கறேன்."

"நூத்திப் பதினெட்டு காட்டுதுங்க."

ரீங்காரம் தணியும். அவள் மூச்சு விடுவாள். எண் இறங்கும். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும்.

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு பெண்ணை இவ்வளவு பயந்தவளாக எழுதலாமா? ரஞ்சனியிடமே கேட்டேன். காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஆகஸ்ட்ல அன்னிக்கு நெஞ்ச அடைக்குதுன்னாருங்கக்கா. கேஸ்தான்னு ஓமவாட்டர் குடுத்துப் படுக்க வெச்சேன். ரெண்டு மணி நேரம். டாக்டர் ஏன் லேட்டுன்னு கேட்டப்ப, டிராஃபிக்னு சொன்னேன்."

இது கணவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும்.

4

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. சப்பாத்தி மாவு பிசைவதற்காக ரஞ்சனி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சிங்க் ஓரமாக வைத்தாள். நெஞ்சுப் பட்டையோடு சேர்த்து ஆஃபரில் வந்த ஸ்மார்ட் வாட்ச் அது. நிமிர்ந்து பார்த்தாள். டேப்லெட்டில் எண் இல்லை. இரண்டு சின்னக் கோடுகள்.

பாத்திரம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு ஓட்டம். ரீங்காரம் நிற்கவில்லையே, மிதிக்காமல் அது எப்படிக் கேட்கும் என்று கீழேயிருந்து நான் யோசிக்கலாம். அவளால் யோசிக்க முடியுமா?

கதவைத் தள்ளினாள். அவர் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். முகம் செங்கல் நிறம். எதிரே போனில் ஏதோ மலைப்பாதை.

"என்ன ரஞ்சனி?"

"கோடு காட்டுது."

அவர் இறங்கி, துண்டால் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். அவளை ஸ்டூலில் உட்கார வைத்தார். சிங்க் ஓரத்தில் நனைகிறதே என்று அவள் வாட்சை எடுத்து அவள் மணிக்கட்டிலேயே கட்டினார்.

டேப்லெட் விழித்துக்கொண்டது. 131.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் வாட்சைக் கழற்றினார். கோடுகள். மறுபடி கட்டினார். 129.

"இது யாருதுங்க?" என்றாள்.

[பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அவர் இன்னொரு முறை வாட்சைக் கழற்றினார் என்பதுதான் நம்பும்படி இருக்கிறது.]

முதல் நாள் திரையில் இரண்டு கருவிகளின் பெயர் வந்தது. இரண்டும் எழுத்தும் எண்ணுமாக ஒன்றுபோலவே இருந்தன. மேலே இருந்ததைத் தொட்டவர் அவர்தான். எட்டு வாரமாக ரஞ்சனி, வாட்ச் காட்டிய தன் துடிப்பைப் பார்த்துத் தானே பயந்து, பயந்ததால் அது ஏறி, அது ஏறியதால் அவரை அதட்டியிருக்கிறாள்.

5

முன்பே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று. மறந்துவிட்டேன் என்றால் நம்பமாட்டீர்கள், ஒளித்து வைத்திருந்தேன். பதினொரு நாட்களுக்கு முன் அதுவரையிலான கணக்கை டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். டாக்டருக்கு மகிழ்ச்சி. துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே துடிப்பு எகிறுகிறதே, என்ன பயம் என்று மட்டும் கேட்டாராம். நான் எதற்கும் பயப்படுகிற ஆளில்லை என்று கோகுல்நாத் சிரித்தாராம்.

அவள் இதயத்தைப் பார்த்து அவர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள்.

6

முடிவு, ஒன்று: சரியான பட்டையை இணைக்கிறார்கள், 108 காட்டுகிறது, சப்பாத்தி சாப்பிடுகிறார்கள். எழுதிய எனக்கே வாய் கசந்தது.

முடிவு, இரண்டு: மறுநாள் காலை அவர் மிதிக்கும்போது—

கிழித்துவிட்டேன். நாளைக்கு லிஃப்டில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நடந்ததையே சொல்கிறேன். பாத்திரச் சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினேன். (உதவத்தான். வைஷாலிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது இரண்டாவது காரணம்.) பட்டையை இப்போதே இணைத்துப் பார்த்துவிடலாம் என்றார் அவர். எழுந்து நின்று மிதித்த அந்தச் செங்கல் முகத்தின் எண் என்னவாக இருந்திருக்கும் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும். டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தாள். "நீங்க ஏறவே வேண்டாம். மொதல்ல டாக்டர்."

ஒன்பது மணிக்கு கிளினிக் திறந்ததும் போன் போட்டாள். ஸ்பீக்கரில். ரிசப்ஷன் பெண் இந்தியில் சொன்னாள்: திங்கட்கிழமைக்கு ஓர் இடம்தான் இருக்கிறது. அதை விட்டால் வியாழன். பேஷண்ட் பெயர்?

"கோகுல்நாத்" என்றாள் ரஞ்சனி.

"ஸ்ரீரஞ்சனி" என்றார் அவர், அதே நேரத்தில்.

"உங்களுக்குப் பாதி மாத்திரைங்க. பதினோரு நாளாச்சு."

"உனக்கு உக்காந்த எடத்துல நூத்தி முப்பத்தொண்ணு."

"அது பயத்துலங்க."

"எட்டு வாரமாவா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஓமவாட்டரைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அங்கே. போன பக்கம் வரைக்கும் எல்லார் வீட்டிலும் கருத்துச் சொன்ன வாய், இப்போது திறக்கவில்லை.

"ஹலோ? ஏக் ஹி நாம் பதாயியே" என்றது போன். ஒரு பெயர்தான் வேண்டுமாம்.

நான் இங்கே பேனாவை மூடுகிறேன். அந்தப் பெண் வைத்துவிடுவதற்குள் யாராவது சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.