கூடுதல் ஒரு மணி நேரம்

பரீட்சை முடிந்த மணி அடித்ததும் மற்ற மாணவர்கள் எழுந்து போனார்கள். அவளுக்கு மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கை நடுங்கும், கால் தடுமாறும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதற்காகக் கல்லூரி கொடுத்த சலுகை அது.

சலுகையாம், பெரிய சலுகை! கண்காணிப்பாளர் வந்து, "இந்த ஹாலைப் பூட்டணும்மா. மிச்சத்தைக் கீழ ஆபீஸ் ரூம்ல எழுது," என்றார். விடைத்தாளையும் ஊன்றுகோலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் மாடி இறங்குவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அங்கே ஜெராக்ஸ் மிஷின் ஒரு பக்கம் கத்தியது. இன்னொரு பக்கம் குமாஸ்தா போனில் தன் சம்பந்தியோடு மல்லுக்கு நின்றார். தெரிந்த விடையும் அவளுக்கு மறந்து போனது.

நேரம் முடிந்ததும் கண்காணிப்பாளர் விடைத்தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வேறொரு தாளை நீட்டினார். "ஒரு மணி நேரம் முழுசாக் கிடைச்சுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹாலைப் பூட்டியதிலிருந்து ஆரம்பித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதத் தொடங்கினாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? சீக்கிரம், எனக்கு பஸ் போயிடும்!" அவர் சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

அவள் நிமிரவே இல்லை.

"என் கை இவ்வளவுதான் சார் ஓடும். உக்காருங்க. நான் இன்னும் மாடியே இறங்கலை."