அரை மில்லி மருந்தடித்த ரோஜா

வெயில் தாழ்ந்து, கொடியில் கிடந்த துணிகூட அசையாமல் காற்று அடங்கிய பிறகுதான் அவர் கொல்லைக்கு இறங்கினார். மருந்தடிக்கும்போது பக்கத்தில் வரக் கூடாது என்று மருமகளை உள்ளே அனுப்பி, சன்னல்களையும் சாத்தச் சொல்லியிருந்தார். சொன்ன காரணம் சரியானதுதான். ஆனால் அந்த வேலையை அவள் கண்முன்னால் செய்ய அவருக்கு மனமில்லை என்பதும் உண்மை. இந்த ரோஜாச் செடி தேறிவிட்டால் அவள் போய்விடுவாள்.

பேச்சு அப்படித்தான் ஆகியிருந்தது. வேறோர் ஊரில் பெரிய கண் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மகன் தவறிப்போய் வருஷம் திரும்பப் போகிறது. எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கிழவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், புறப்படு என்று அவளைக் கிளப்பியவரே அவர்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் மகன் குச்சியாக வாங்கி வந்து தொட்டியில் வைத்த அந்த ரோஜாவைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டும். எடுக்கலாம் என்று பார்த்தால் இலையெல்லாம் கரும்புள்ளி. புள்ளியைச் சுற்றி மஞ்சள் பூத்து, தொட்டால் உதிர்ந்தது. நோயோடு கொண்டுபோனால் வழியிலேயே துவண்டுவிடும், தேற்றிக்கொண்டு எடுத்துப் போங்கள் என்றார் நர்சரிக்காரர். வேலையில் சேரும் தேதியை அவள் தள்ளிக் கேட்டு வாங்கினாள்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுத்தே தலை நரைத்தவர் அவர். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு கூடினாலும் திருப்பி ஊற்றுவார். அதனால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘அரை மில்லி’. இன்றைக்கும் தெருவில் பார்த்தால், என்ன அரை மில்லி, டீயையும் அளந்துதான் குடிக்கிறியா என்று வாரிவிட்டுப் போவார்கள். அந்தக் கை செடிக்கும் அப்படியே வேலை செய்தது. பூதக்கண்ணாடி வைத்து டப்பாவின் சீட்டைக் கடைசி வரி வரை படித்தார். உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, எருக்குழியில் போடாமல் பையில் கட்டினார். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகத்துக்குக் கவசம். கூட ஊற்றினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கிற நோயாளிகளை ஆயுசு முழுக்கத் திட்டியவர், சீட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு துளி சேர்க்கவில்லை.

தெளிப்பான் மகனுடையது. சாமான் அறையில், அவன் தொங்கவிட்ட ஆணியிலேயே தொங்கியது. மூடியைத் திறந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது. அடியில் மெல்லியதாக ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீரின் உப்பாக இருக்கும். ஒரு அலசு அலசலாமா என்று குழாய் வரை போனவர் நின்றுவிட்டார். சாமானைக் கழுவாமல் வைக்கிற பிள்ளை இல்லை அவன். பள்ளிக்கூடம் போன காலத்திலேயே சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பான். அவன் கழுவி வைத்ததை மறுபடி கழுவுவது, இல்லாத பிள்ளை மேல் குறை சொல்வது போல் இருந்தது. மருந்தை அப்படியே ஊற்றினார். இலையின் மேலே மட்டும் அடித்தால் போதாது என்று ஒவ்வொரு கிளையாகத் தூக்கி, அடிப்புறமும் நனையும்படி நிதானமாக அடித்தார். பிறகு கையை முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, சட்டையைத் தனியாக நனைத்து வைத்து, டப்பாவை அலமாரியில் பூட்டினார்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் பல் துலக்கிக்கொண்டே செடியிடம் போனவருக்குத் துலக்குகிற கை நின்றுவிட்டது. புதுத் துளிர்கள் எல்லாம் கொக்கி போல் வளைந்திருந்தன. இலை, இலையாகவே இல்லை. நூலாகத் திரிந்து முறுக்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது. இனி இவள் இப்போதைக்குப் போக மாட்டாள். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கே வெட்கமாகி, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூடத் தோன்றவில்லை.

பிறகு அவளும் வந்து பார்த்தாள். ஒரு துளிரைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். இருவருமாக நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நோய் இல்ல சார். கரும்புள்ளிக்கு நீங்க அடிச்ச மருந்தும் இப்படிப் பண்ணாது. இது களைக்கொல்லி. புல்லைக் கொல்ற மருந்து எப்படியோ இதுல பட்டிருக்கு.”

பக்கத்து வீட்டில் யாராவது அடித்தார்களா என்று கேட்டார். அந்தப் பக்கம் முழுக்கச் சிமென்ட் தரை, புல்லே கிடையாது. செடி பிழைக்குமா என்று அவள் கேட்டதற்கு, தான் ஜோசியக்காரன் இல்லையே என்று சிரித்தார். வளைந்ததையெல்லாம் நல்ல தண்டு வரை வெட்டிவிடுங்கள், வந்தால் வரும், வேறு ஊருக்குக் கொண்டுபோவதைப் பற்றி மட்டும் இப்போது நினைக்காதீர்கள் என்றார்.

திரும்பி வந்ததும் அவள் வீட்டு கேட்டின் கொண்டியில் கை வைத்தபடி நின்றாள்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?”

கேள்விக்குள் இருந்த கேள்வி அவருக்குப் புரியாமல் இல்லை. அளவு தப்பாத கை, சீட்டைப் படிக்காமல் டப்பாவைத் திறக்காத ஆள். அவர் கையில் ஒரு செடி இப்படித் தானாகவா கெட்டுப்போகும்? சேச்சே, என்னம்மா பேச்சு இது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் காலையில் நெஞ்சுக்குள் உட்கார்ந்தது இன்னும் எழுந்து போயிருக்கவில்லை.

“பிடிக்கலதான்” என்றார். “ஆனா செடியை நான் ஒண்ணும் பண்ணலம்மா.”

முதல் பாதிதான் அவள் காதில் விழுந்தது போலிருந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கவில்லை.

மறுநாள் முற்பகலில் அவர் கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அவள் சாமான் அறையிலிருந்து தெளிப்பானோடு வந்தாள். மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

“இதுலதான் அடிச்சீங்களா?”

“ஆமா.”

“அடிக்கிறதுக்கு முன்னாடி கழுவுனீங்களா?”

“அவன் கழுவாம வைக்க மாட்டானேம்மா.”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெளிப்பானைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கடைசியாக வீட்டிலிருந்த விடுமுறை நாளில் அவன் வாசல் கற்களுக்கு இடையில் முளைத்த புல்லுக்கு மருந்தடித்தான். முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போனான். இவள் உள்ளே திரைச்சீலைக் கம்பியை மாட்ட ஸ்டூல் மேல் ஏறியிருந்தாள். பிடிக்க ஆளில்லை.

“அப்புறம் கழுவிக்கலாம், வாங்கன்னு கூப்பிட்டேன். அப்படியே மாட்டிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் அந்த ‘அப்புறம்’ வரவே இல்ல மாமா.”

அந்த வாரம்தான் அவன் வேலைக்குப் போன இடத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்துபோனான்.

அவர் எழுந்து அவள் பக்கத்தில், ஒரு படி கீழே உட்கார்ந்தார். நேற்றுக் கேட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது. அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. முந்திக்கொண்டார்.

“செடி வளைஞ்சதைப் பாத்ததும் முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் வரவில்லை.

“எனக்கும்தான்” என்றாள்.

குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை இறுக்கி மூடினார்.

“அதனாலதான் சொல்றேன். நீ தேதியை இனிமே தள்ளாத.”

தண்டுகளை வெட்டியவர் அவர்தான். எது நல்ல தண்டு, எது கெட்டது என்று பார்த்துக்கொண்டே இறங்கியதில் கடைசியில் விரல் நீளம்தான் மிஞ்சியது. தெளிப்பானை அவள் கழுவினாள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, முனை வழியாகப் பீய்ச்சி, மறுபடி ஊற்றினாள். தண்ணீர் தெளிந்து வெகுநேரமான பிறகும் நிறுத்தவில்லை. அடியில் ஒட்டியிருந்த அந்த மருந்துதான், அவன் கையால் கலந்தது என்று அந்த வீட்டில் இருந்த கடைசிப் பொருள். போதும் என்று சொல்ல வாயெடுத்தவர், அடுத்த வாளித் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார்.

புறப்படுகிற அன்று வாடகைக் கார் வந்து நின்றது. தொட்டி வைக்க இடம் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால், டிரைவர் பின் சீட்டில் சன்னலோரம் சாக்கை விரித்து, அதன் மேல் செய்தித்தாளும் போட்டு வைத்திருந்தார். தொட்டி கொல்லையிலேயே இருக்கப் போகிறது, இனி இடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நினைவிருக்கவில்லை. பெட்டிகள் ஏறின. அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். தொட்டி எங்கே சார் என்றார் டிரைவர். மாமனார் கதவைத் திறந்து, செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்தார். தெரு முனையில் இறங்கிக்கொள்கிறேன் என்றார்.

கார் நகர்ந்தது. தெரு முனை வந்தபோது டிரைவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இருவரும் அவரவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் திரும்பவில்லை. வண்டி திரும்பியபோது அவருக்கு அடியில் செய்தித்தாள் மெல்லச் சரசரத்தது.