பெரிய ராஜா

பாண்டீஸ்வரி பிடித்த பிடியை விடவில்லை. படக்கட்டின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை சித்தப்பா உக்கிரபாண்டியின் கையில். நடுக்கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா கிடந்தார்.

"விடுட்டி. உங்கப்பா உசுரா நெனச்சது. அவர் கூடவே எரியட்டும்."

"எரிக்கவா சித்தப்பா வரஞ்சாரு?"

"வரஞ்சாரு! மாட்டுக்காரன், சமையக்காரி, சாணி அள்ளுறவ. ஜமீன் வாரிசு வரையிற லட்சணமா இது?"

ஜமீன் போய் எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. ராஜபாளையத்து அரண்மனை என்று பேர்தான் பெரிய பேர். முன்கட்டு முழுக்க வாடகைக்கு வந்த பஞ்சு மூட்டை. அப்பா இளவட்டத்திலேயே இங்கிருந்து வெளியேறி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தார். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத சித்தப்பா, நேற்று சாவுச் செய்தி கேட்டதும் வேன் பிடித்து வந்து உடலை இங்கே கொண்டுவந்துவிட்டார். இருக்கிறவரை கிறுக்கன், செத்தால் இளவரசன்.

"அந்த அரண்மனச் சுவத்துல என் படம் ஒண்ணு தொங்கணும்ட்டி" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் அவள் படங்களையும் வேனில் ஏற்றினாள்.

இழுத்த இழுப்பில் கயிறு அறுந்தது. படங்கள் தரையெல்லாம் சிதறின. ஒன்றின் மேல் சித்தப்பாவின் கண் நின்றுவிட்டது. சரிகைத் தலைப்பாகை, முறுக்கு மீசை, நேர்கொண்ட பார்வை.

"ஏ, இது எங்கய்யால்ல! இந்தத் தலப்பா இன்னும் நம்ம பெட்டிக்குள்ள இருக்கே!"

அவர் தவழும்போதே அவருடைய அய்யா செத்துப்போனார். இருந்த போட்டோக்களைக் கரையான் தின்றுவிட்டது. அப்பன் முகமே தெரியாமல் கிழவனாகிவிட்ட மனுஷன் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு விம்மினார்.

"பெரிய ராஜாவேதான். அதிகாரத்தப் பாரேன்" என்றார் ஒரு பங்காளி.

அது குதிரைக்காரர் கருத்தையா. குழந்தையாக இருந்த அப்பா அழுகையை நிறுத்தட்டுமே என்று, பெரிய ராஜாவின் தலைப்பாகையைத் தன் தலையில் வைத்து வேடிக்கை காட்டினார். அதற்காகப் பெரிய ராஜா அவரைச் சவுக்கால் விளாசினார். "அம்புட்டு அடியும் வாங்கிட்டு, கீழ கெடந்த தலப்பாவ மடிச்சு வச்சுட்டுப் போனாருட்டி" என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

"எங்கய்யாதான? சொல்லுட்டி!"

பாண்டீஸ்வரி கண்ணாடி வழியே அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவியதான் சித்தப்பா."

அந்த ஒரு படம் தப்பியது. மற்றவையெல்லாம் பாடையோடு போயின. "சாயம்லா, சடசடன்னு பிடிச்சிருச்சு" என்று சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் சொன்னபோதுதான் அவள் வாய்விட்டுக் கதறினாள்.

சாயங்காலம் சித்தப்பா குளித்துவிட்டு வந்து, கூடத்தில் வாள் தொங்கிய ஆணியில் படத்தை மாட்டினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து கும்பிட்டார்.

"வெளக்க ஏத்தும்மா. தாத்தாவ நல்லாப் பாத்துக்கோ."

ஏற்றினாள். வெளிச்சத்தில், படத்தின் கழுத்தோரம் அப்பா இழுத்திருந்த சிவப்புக் கோடு தெரிந்தது.

"வேட்டையில பட்ட காயம் போல" என்றார் சித்தப்பா, கூப்பிய கையை இறக்காமல்.

பாண்டீஸ்வரி திரியைத் தூண்டிவிட்டாள்.