குறுக்குக் காற்று

மூக்கு நுனியில் சொட்டு விழுந்ததும் ராத்மிலா கண் விழித்தாள். அடுத்த சொட்டு எங்கே விழப்போகிறதோ என்று அசையாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. வெளியே விடிந்திருந்தது. மூடுபனிதான், மழை பெய்த சத்தமே இல்லை. பக்கத்தில் தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், இடுப்பில் கம்பளிப் பட்டை என்று ஜனவரி மாதத்துக்கான சகல அலங்காரங்களுடன் உறக்கப்பைக்குள் கிடந்தான் அவள் கணவன் திஹோமிர். இந்த மனுஷன் இப்போதைக்கு எழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். அவன் எப்போதோ எழுந்துவிட்டிருந்தான்.

"ஒழுகுது," என்றான். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"மழையே பெய்யல. எங்கேருந்து ஒழுகும்?"

"அப்ப இது என்ன, சர்ச்சுல தெளிக்கிற தீர்த்தமா?"

"உன் மூச்சு. ராத்திரி பூரா ஊதின மூச்சு. எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிட்டு, காத்துப் போறதுக்குன்னு இருக்கற ரெண்டு துவாரத்துலயும் சாக்ஸைத் திணிச்சு வச்சிருக்க. மூச்சு எங்க போகும்? மேல போய் ஒட்டிக்கிட்டு நம்ம தலையிலயே விழுது."

"எங்கயோ போகட்டும். குறுக்குக் காத்துல படுத்துச் சாக நான் தயாரா இல்ல."

எதிரெதிர்த் திறப்புகளின் ஊடே ஓடும் காற்று ஆளையே முடக்கிவிடும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. மேற்கொண்டு வாதாடினால் தோற்றதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று ராத்மிலா பயந்தாள். இருவருக்கும் நடுவே இருந்த பந்தயம் அப்படிப்பட்டது. நிஷ் நகரத்துப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தே காலத்தைக் கழித்தவள் அவள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் கடலுக்கும் மலைக்கும் அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரிப்பாள். அவனோ ஊர் வீடுகளுக்கெல்லாம் வெந்நீர்க் குழாயில் சூடு அனுப்பும் நிலையத்தில் இருந்தவன். இந்த வசந்தத்தில் இருவரும் ஓய்வுபெற்றார்கள். ஊருக்கு வெளியே நாலு பிளம் மரமும் கனத்த சுவரும் உள்ள குட்டி வீடு ஒன்று வேண்டும் என்றான் அவன். கால் நடக்கிற வரைக்கும் கோடை முழுக்க மலை மலையாக நடந்து, கடல் தெரிகிற இடத்தில்தான் நிற்க வேண்டும் என்றாள் இவள். கடைசியில் கூடாரத்தை நடுவராக வைத்தார்கள். ஸ்தாரா பிளானினா மலை முகட்டில் ஒரு வாரம். உள்ளே தண்ணீர் வராவிட்டால் அவள் சொன்னபடி. வந்தால் கூடாரத்தை விற்றுவிட்டு வீடு வாங்குவது, அதன்பிறகு மலை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

கூடாரம் என்னவோ நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொண்டது. மொத்தமும் மடித்தால் ஒரு ரொட்டியளவுகூடக் கனக்காது. நடக்கும்போது கையில் ஊன்றும் கோல்கள்தான் அதற்குத் தூண். முதல் நாள் வெயிலில் உள்ளே அடுப்பாகக் காய்ந்தது என்றாலும் ஓரங்களைத் தூக்கிவிட்டதும் அடங்கியது. மறுநாள் முகட்டுக் காற்றில் துணி இரவெல்லாம் படபடத்ததே தவிர ஒரு முளைகூடப் பிடுங்கிக்கொள்ளவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அவன் முகம் சுருங்கிப் போயிருந்தது. இப்போது மூடுபனி வந்து அவன் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

"நாளைக்குக் கீழ எறங்குறோம்," என்றான், காப்பி கொதிக்கும் பித்தளைப் பாத்திரத்தைப் பார்த்தபடி. "அந்த வீட்டுக்காரன்கிட்ட போன்ல பேசிடறேன்."

அன்று நடக்கும்போது அவள் கால்கள் நிலைகொள்ளவில்லை. அவனை விட்டு வெகுதூரம் முன்னே போவாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், கோபத்தோடு மறுபடி நடப்பாள். முகட்டில் காவலில்லாமல் மேயும் குதிரைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். ஒரு ஜோடிக் காலுறையிடம் தன் மிச்ச வாழ்க்கை தோற்றுப்போகிறதே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

மத்தியானத்துக்கு மேல் மேற்கே வானம் கறுத்தது. இறங்கி ஒதுங்க இடமில்லாத புல்வெளி. முகட்டிலிருந்து கொஞ்சம் கீழே பள்ளமாக இருந்த இடத்துக்கு ஓடினார்கள். அவன் கோல்களை நட்டுப் பிடிக்க, அவள் கல்லால் முளைகளை அடித்தாள். கடைசி முளை இறங்கும்போது ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. உள்ளே பாய்ந்தார்கள். காற்று சுழன்று மோத, முன்பக்கக் கோல் உள்நோக்கி வளைந்தது. திஹோமிர் இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் கைகள் மாட்டிக்கொண்டதை ராத்மிலா பார்த்தாள். இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது. இரண்டு துவாரங்களிலும் திணித்தபடியே கிடந்த காலுறைகளைப் பிடுங்கினாள். வாசல் ஜிப்பை மேலிருந்து ஒரு சாண் இறக்கினாள்.

"ஏய், என்ன பண்ற! மூடு!"

"நீயே வந்து மூடு."

"கையை எடுத்தா கூடாரம் விழும்டீ!"

"அப்ப எடுக்காத."

ஆலங்கட்டிகள் துணியில் விழுந்து உருண்டோடின. அது நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த துணி தொய்ந்தபோது அவள் வெளியே போய்க் கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். சாயங்காலம் வரைக்கும் விடாமல் அடித்தது. குளிர்ந்த காற்று ஒரு துவாரத்தில் நுழைந்து இருவரின் கழுத்தையும் தொட்டுவிட்டு மறு துவாரத்தில் போனது. மழை விட்டபோது ராத்மிலா உள்கூரையில் உள்ளங்கையை வைத்து இழுத்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். கை உலர்ந்திருந்தது.

"பாத்தியா? பாத்தியா இல்லியா? இப்ப சொல்லு, எங்க ஒழுகுது?"

கோலை விட்டுவிட்டு, மரத்துப்போன கையை மெல்லத் தூக்கி இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டான். அவ்வளவுதான். அவளுடைய வெற்றி முழுக்க அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

அவன் கன்னத்தைப் பிடித்தால் அவளுக்கு அந்தப் பேருந்து ஞாபகம் வரும். பல வருஷங்களுக்கு முன்னால், ஓஹ்ரித் ஏரிக்கு விடுமுறைக்குக் கிளம்பிய ஒரு ஜூலை மாதம். யாரோ முன்னால் கூரைக் கதவைத் திறந்திருக்க, வெக்கை தாங்காமல் அவன் பக்கத்து ஜன்னலை அவள் திறந்தாள். மூடு மூடு என்று பேருந்தே கத்தியது. வீம்புக்கு மூடவில்லை. அந்த வாரமே ஒரு காலை, விடுதிக் கண்ணாடிக்கு முன்னால் அவன் முகத்தில் பாதி தொங்கிப்போயிருந்தது. ஒரு கண் மூடவில்லை. குடித்த சூப் வாயோரமாக வழிந்தது. நரம்பில் ஏதோ கிருமி, காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அவன் அம்மா, தங்கை, அக்கம்பக்கம் யாருமே டாக்டரை நம்பவில்லை. ராத்மிலாவும் வெளியே சிரித்தாலும் உள்ளே நம்பவில்லை. திஹோமிர் மட்டும் ஜன்னலைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பாள்.

அப்போதெல்லாம் உதடு தேறிவிட்டதா என்று பார்க்க, தினமும் காலையில், "விசில் அடி பாப்போம்," என்பாள். உதட்டைக் குவிப்பான். வெறும் காற்றுதான் வரும். இலையுதிர் காலத்தில், அவள் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், பின்னாலிருந்து கோணலாக ஒரு விசில் கேட்டது. கரிக்கையோடு அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இருட்டுவதற்குள் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் தின்றார்கள். அவன் ராக்கியா சாராயத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் குப்பியை அவளிடம் நீட்டினான். படுக்கும்போது ராத்மிலா தானாகவே எழுந்து போய் வாசல் ஜிப்பைப் பிடித்தாள்.

"என்ன பண்ற?"

"மூடறேன். குளுருது."

"காலையில சொட்டுமே."

"சொட்டட்டும். வீட்டையே வாங்கிக்கலாம், போ."

அவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு மப்ளரைக் காதுக்கு மேல் ஏற்றிச் சுற்றிக்கொண்டே, "ஒரு சாண் விடு," என்றான்.

"திஹோ..."

"விடுன்னா விடு. ஒரு ராத்திரி. நான் என்ன அப்பளமா, காத்துல ஒடஞ்சு போக?"

விட்டாள். ஆனால் இடம் மாறி, காற்று வரும் பக்கம் தான் படுத்துக்கொண்டாள். அவனுடைய இடது கன்னத்துக்கும் வாசலுக்கும் நடுவில் தன் முதுகு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பயந்து பயந்து கிடந்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

விழித்தபோது வெயில் துணியில் மஞ்சளாக விழுந்திருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது. கையை நீட்டிக் கூரையைத் தடவினாள். காய்ந்த துணி சரசரத்தது. ஆசைப்பட்டதெல்லாம் இதற்குத்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை, நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தான்.

"திஹோ. இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினான். மப்ளரின் மடிப்பு கன்னத்தில் கோடு போட்டிருந்தது. இடது வாயோரம் எப்போதும் போலத்தான் இறங்கியிருக்கிறதா, இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டதா? அவளுக்குப் புரியவில்லை.

"விசில் அடி பாப்போம்."

அவன் முதலில் கூரையைப் பார்த்தான். விரலால் தொட்டு, விரலையும் பார்த்தான். பிறகு உதட்டைக் குவித்தான். காற்று மட்டும் வந்தது.

ராத்மிலா முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"வாய் காஞ்சு கெடக்கு," என்றான். "தண்ணி குடு."

தண்ணீர்க் குப்பியைத் திறந்து கொடுத்தாள். அவன் குடிப்பதையே, அந்த வாயோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்துப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் உதட்டைக் குவித்தான்.

வெளியே, ஈரப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்த பழுப்புக் குதிரை சத்தம் கேட்டுக் காதுகளை நிமிர்த்தி, தலையைத் தூக்கிக் கூடாரத்தின் பக்கம் பார்த்தது.