தூண் சிவந்த நேரம்

வீட்டில் அவளுக்கு மரங்கொத்தி என்று பெயர். கான்கிரீட் கட்டடங்களைச் சோதித்துப் பார்த்து, இருக்கலாமா காலி செய்ய வேண்டுமா என்று சொல்கிற இன்ஜினியர் வேலை அவளுக்கு. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் தூணை இரண்டு தட்டு தட்டாமல் நகர மாட்டாள். "மாப்பிள்ளையைப் பாருடின்னா மண்டபத்தைப் பாக்கறா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஊரில் உள்ள தூண்களையெல்லாம் தட்டியவள் பெற்றோர் வீட்டுத் தூணை மட்டும் தட்டியதில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அதுதான். ஒரு தடவை சுத்தியலை எடுத்தபோது அப்பா முகம் மாறிவிட்டது. "எவன் வீட்டை வேணா தட்டிக்கோ. இது நான் கட்டினது. இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். லாரி ஓட்டிச் சேர்த்த காசெல்லாம் அந்த இரண்டு மாடியில்தான் இருந்தது. பெரிய மனுஷருக்கு வீட்டு மேல் அத்தனை கர்வம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

விட்டதன் பலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அண்ணன் போன் செய்தான். முன்னறைக் கூரையிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்து நாற்காலி மேல் விழுந்திருக்கிறது. அதற்குச் சற்று முன்னால்தான் அண்ணி அந்த நாற்காலியை விட்டு எழுந்து போயிருக்கிறாள். அண்ணிக்கு எட்டாம் மாதம். அதிகம் நடமாடாமல் படுத்திருக்கணும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவள் போனை வைத்தாள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

வாசற்படி ஏறும்போதே புது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

"யாரும்மா பெயின்ட் அடிச்சது?"

"உன்கூட இன்னொரு இன்ஜினியரையும் கூட்டிட்டு வருவேன்னு நெனச்சேன். நாலு பேர் வர்ற இடம், அசிங்கமா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா.

டாக்டர் வருகிறார் என்று நோயாளிக்கு பவுடர் போட்டுவிட்டிருந்தாள். அது போதாதென்று குளியலறைப் பக்கத்துத் தூணை மறைத்து இரும்பு பீரோவையும் இழுத்து நிறுத்தியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், மரங்கொத்தியிடம் தூணை மறைக்க முடியுமா? அண்ணனும் அவளுமாக பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் தூணின் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி ஒரு விரிசல். அதன் ஓரத்தில் புது பெயின்ட்டையும் மீறிப் பழுப்புக் கறை.

அவள் விரிசலை விரலால் தடவினாள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும், அந்தப் பிளவு கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக வரும். இதை அவள் எத்தனையோ வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். கூரையில் ஒரு துண்டு விழுந்தால் செதுக்கிப் பூசிவிடலாம். தூணின் கம்பியைத் துரு தின்றிருந்தால் அப்படி இல்லை. இன்றைக்கே எல்லோரும் வெளியேற வேண்டும், அண்ணி உட்பட. முன்பெல்லாம் அவள் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறாள். இப்போது அதைச் சொல்வதைத் தள்ளிப்போட்டாள்.

முதலில் கூரையைப் பார்த்தாள். பெயர்ந்த இடத்தில் இரண்டு கம்பிகள் செதில் செதிலாக உரிந்து தொங்கின. மேல் மாடிக் குளியலறைக் குழாய் வருஷக்கணக்கில் கசிந்து அந்த இடத்தை ஊறவைத்திருக்கிறது. சுற்றிலும் தட்டிக்கொண்டே போனாள். பாய் விரிக்கும் அளவு இடம் மட்டும் பொத்தென்று பேசியது, மற்றதெல்லாம் கெட்டியாகக் கிண்ணென்று கேட்டது.

"இது சரி பண்ணிடலாம். தூணைத்தான் உடைச்சுப் பாக்கணும்" என்றாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

துளை மெஷின் அலறியது. பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே முதலில் தெரிந்தது ஒரு பழைய பிளாஸ்டிக் குழாய். மின்சார ஒயர் போகிற குழாய். அதைப் பூச்சுக்குள் பிடித்துவைத்த இரும்பு ஆணிகள்தான் துருப்பிடித்துக் கறையை விட்டிருந்தன. விரிசலும் அந்தக் குழாயின் வழியிலேயே போயிருந்தது. அவளுக்கு லேசாக மூச்சு வந்தது. ஆனால் ஆசைப்படுகிற கண்ணை நம்பக்கூடாது என்பது அவள் தொழில். இன்னும் ஆழமாகச் செதுக்கித் தூணின் கம்பியையே வெளியே எடுத்தாள். பையிலிருந்து ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துப் புதிதாக உடைந்த முகத்தில் அடித்தாள்.

கான்கிரீட்டுக்கு ஒரு காரத்தன்மை உண்டு. அது இருக்கும்வரை கம்பிக்குத் துரு வராது. அந்தக் காரம் செத்துப்போன இடத்தில் இந்த மருந்தை அடித்தால் நிறமே வராது, உயிரோடு இருந்தால் சிவக்கும். இவ்வளவையும் வீட்டுக்காரர்களிடம் முன்னாடியே சொல்லிவைப்பது அவள் வழக்கம். தன் வீடு என்றதும் சொல்லவே மறந்துவிட்டாள்.

தூண் சிவந்தது. பூச்சின் ஓரத்தில் ஒரு விரற்கடை போக, கம்பியைச் சுற்றிலும் பளீரென்று ரோஜா நிறம் ஏறியது. நடுவில் கம்பி துருவே இல்லாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அழுதாள்.

தூணில் ரத்தச் சிவப்பு. இன்ஜினியர் கண்ணில் தண்ணீர். வீட்டார் வேறு என்ன நினைப்பார்கள்? "ஐயோ, போச்சே!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அப்பாதான் முதலில் அசைந்தார். நேராக உள்ளறைக்குப் போய், படுத்திருந்த மருமகளின் தலைமாட்டில் இருந்த மருந்துப் பையைக் கையில் எடுத்தார். "எழுந்திரும்மா, மெதுவா. போயிடலாம்" என்றார். பிறகு வெளியே பார்த்து, "டேய், வண்டியைக் கொண்டா. சாமானெல்லாம் கிடக்கட்டும். கல்லும் சிமென்ட்டும்தானே, போனாப் போகுது" என்றார். குரல் நடுங்கவில்லை.

"அப்பா! எங்க போறீங்க?"

"நீதானேம்மா அழுதே?"

"நல்லா இருக்குன்னு அழுதேன்பா! சிவந்தா நல்லது. இந்தத் தூண் இன்னும் ரொம்ப காலம் நிக்கும்."

 புரிந்ததும் அம்மா முதலில் திட்ட ஆரம்பித்தாள். "நல்ல சேதிக்கு எவளாவது ஒப்பாரி வைப்பாளா? எனக்கு உசுரே போயிடுச்சு, பாவி!" படுத்த இடத்திலிருந்தே அண்ணி சிரித்தாள். சிரிக்கக்கூடாது, வயிறு வலிக்கும் என்று சொல்லிக்கொண்டே அண்ணனும் சிரித்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தூணருகில் வந்து, உடைந்த இடத்தில் கையை வைத்தார்.

"மத்த தூணையும் உடைச்சுப் பாத்துடு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தட்டவே விடமாட்டீங்களேப்பா?"

"பயம்மா. இந்தத் தூணெல்லாம் போடறப்ப நான் லாரியில எங்கேயோ போயிட்டிருந்தேன். மேஸ்திரி என்ன கலந்தான், எவ்வளவு தண்ணி ஊத்தினான், ஒண்ணும் தெரியாது. நீ தட்டி ஏதாவது சொல்லிட்டா உங்களையெல்லாம் எங்க கூட்டிட்டுப் போறதுன்னு..." தூணிலிருந்து கையை எடுத்தார். "ஒரு மழைக்குக்கூட நான் தூங்கினதில்ல."

கர்வம் என்று அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தது இதுதான்.  அவள் மெஷினின் ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனாள்.

அதுவும் சிவந்தது. அதற்கடுத்ததும் சிவந்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா வந்து எட்டிப்பார்த்து, "சிவப்புதானே?" என்று உறுதி செய்துகொண்டு போனாள். கடைசித் தூணுக்கு வந்தபோது, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று அவள் திரும்பினாள்.

அவர் உள்ளறை வாசலில், வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் சிமென்ட் தூசி. கூப்பிட வாயெடுத்தவளை அம்மா கைகாட்டி நிறுத்தினாள்.

அவள் மெஷினை முடுக்கினாள். வீடே அதிர்ந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை.