லொக்கிக்கு ஒண்ணும் தெரியாது

எங்க வீட்டுக்காரரு பொய் சொல்றாருன்னு காட்டிக் கொடுத்தது ஒரு பேட்டரி.

என் பொழப்பு என்னன்னு மொதல்ல சொல்லிடறேன். ரூட்டர் விக்கிற ஒரு கம்பெனியில கஸ்டமர் சப்போர்ட். "கனெக்ஷன் வரலைங்க"ன்னு யாராச்சும் போன் போட்டா எடுத்துப் பேசறது நான்தான். நாங்க கேக்கற மொதக் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: கடைசியா எப்ப ஒழுங்கா வேலை செஞ்சது? அதுக்குத்தான் சனங்க வாய் கூசாமப் பொய் சொல்லுவாங்க. புள்ளை ரூட்டர் மேல தண்ணியக் கொட்டியிருக்கும், "சும்மாதாங்க இருந்துச்சு, தானா நின்னுபோச்சு"ம்பாங்க. குரலை வச்சே கண்டுபிடிச்சிருவேன். ஊருக்கெல்லாம் கண்டுபிடிச்சவ சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டேன்.

எனக்கு விருதுநகர். பேரு லக்ஷ்மி, வீட்டுல லச்சு. போன வைகாசியில கல்யாணம். அவரு பேரு சிவராம், கொல்கத்தாவுல ஐ.டி. வேலை. நான் சென்னை ஆபீஸை விட்டுட்டு, வீட்டுல இருந்தே வேலை பாக்கத் தற்காலிகமா பெர்மிஷன் வாங்கிக்கிட்டு, ஜாதவ்பூர்ல அவரு இருந்த மாடி வீட்டுக்கு வந்து சேந்தேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியை வச்சு ஓட்டறேன். பெங்காலி சுத்தமா வராது. கீழ்வீட்டு அனன்யா பௌதி, பௌதின்னா அண்ணி, மொத நாளே என்னைப் பாத்து "போன், போன்"னாங்க. நான் ஓடிப்போய் செல்போனை எடுத்து நீட்டினேன். போன்னா இவங்க ஊருல தங்கச்சியாம். அவங்க வாயில 'வ' நுழையாது, அதனால எங்க வீட்டுக்காரரு அவங்களுக்கு ஷிப்ராம். கல்யாணப் பொண்ணுங்களுக்கு அலங்காரம் பண்றதுதான் பௌதிக்குத் தொழில்.

அன்னிக்கு எனக்கு லீவு. ஆனா ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. தற்காலிக பெர்மிஷன் முடிஞ்சுபோச்சு, மேனேஜர் ஹம்சினி மெசேஜ் போட்டிருந்தாங்க: "கொல்கத்தா பிராஞ்ச்ல பெர்மனன்ட்டா சேர்றியா, சென்னைக்கே வந்துடறியா? இன்னிக்குள்ள ஒரு வரி எழுது. அப்புறம் மாத்த முடியாது." இதுல யோசிக்க என்ன இருக்கு? அவரு இருக்கற ஊருதான் எனக்கும் ஊரு. சாயந்தரம் அவரு வந்ததும் காட்டிட்டு அனுப்புவோம்னு வச்சிருந்தேன்.

சும்மா இருந்த கைதான் அந்த ட்ரோனை எடுத்துச்சு. பூஜோ, அதான் துர்கா பூஜை, அந்தச் சமயத்துல ஆசை ஆசையா வாங்கினாரு. உள்ளங்கை அகலந்தான் இருக்கும், மூக்குல ஒரு கேமரா. பூஜோ முடிஞ்ச கையோட, "சனியன் கனெக்ட்டே ஆகல லச்சு, ஒரு நாள்கூட ஆகல, கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்"னு பெட்டியோட அலமாரி மேல்தட்டுல போட்டுட்டாரு. "குடுங்க, நான் பாக்கறேன்"னு கேக்கறப்பல்லாம், "விடு, ஆபீஸ்ல பாக்கறது பத்தாதா உனக்கு"ம்பாரு. கனெக்ஷன் சரி பண்றவ வீட்டுலயே கனெக்ட் ஆகாத சாமானான்னு எனக்குக் கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தேன்.

பட்டனை அமுக்கினேன். மாசக்கணக்காத் தொடாமக் கெடந்த பேட்டரி செத்துல்ல போயிருக்கணும்? நாலு லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. யாரோ வயிறு முட்ட சார்ஜ் ஏத்தியிருக்காங்க.

சரி, மறந்துபோய் ஏத்தியிருப்பாருன்னு சமாதானம் சொல்லிக்கிட்டே திருப்பிப் பாத்தேன். றெக்கையோட ஓரத்துல செவப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சு. விரலால தொட்டேன். குங்குமம். நான் வைக்கிற குங்குமம் அடர்த்தியா இருக்கும். இது செக்கச்செவேல்னு, இந்த ஊருப் பொம்பளைங்க வகிட்டுல நீளமா இழுத்துக்கிறாங்களே, அந்த சிந்தூர். ஒரு நாளும் பறக்காத ட்ரோன் எவ வகிட்டுல போய் ஒரசிட்டு வந்துச்சு?

என் செல்போன்ல வைஃபை லிஸ்ட்டைத் தொறந்தேன். இந்தக் குட்டி ட்ரோனெல்லாம் தானே ஒரு வைஃபை போடும். போனை அதுல சேத்துட்டு ஆப்பைத் தொறந்தா அது பாக்கறதெல்லாம் நமக்குத் தெரியும். புதுசுன்னா கம்பெனி பேரும் நாலு நம்பரும் இருக்கும், பாஸ்வேர்டு இருக்காது. லிஸ்ட்டுல கம்பெனி பேரு இல்ல. பௌதி வீட்டு ரூட்டர், எதிர்வீட்டு ரூட்டர், அதுக்குக் கீழ பூட்டுப் படத்தோட ஒண்ணு. இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல, LOKKHI.

லொக்கி.

இந்தப் பேரை மாத்தறதுக்கு ஒரே வழிதான் உண்டு. மொதல்ல கனெக்ட் பண்ணணும், அப்புறம் ஆப்புக்குள்ள போய் மாத்தணும். ஒரு நாள்கூட கனெக்ட் ஆகாத ட்ரோனுக்குப் பேரு எப்படி வந்துச்சு? அதுவும் பொம்பளைப் பேரு!

பேரும் புதுசில்ல எனக்கு. போன ஞாயித்துக்கெழம பால்கனியில நின்னு யார்கிட்டயோ பெங்காலியில குசுகுசுன்னு பேசிட்டிருந்தாரு. "லொக்கி கிச்சு ஜானே நா"ன்னு காதுல விழுந்துச்சு. என்னமோ ஆபீஸ் பேச்சுன்னு அப்ப விட்டுட்டேன். இப்ப பிரிச்சுப் பாக்கறேன். ஜானே நான்னா தெரியாது, அதுக்கு என் இந்தியே போதும். கிச்சுன்னா எதுவும், அது மீன்காரன்கிட்டயே கத்துக்கிட்டேன். லொக்கிக்கு எதுவும் தெரியாது. என்ன தெரியாது அவளுக்கு? இவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு தெரியாது! அடப்பாவி மனுசா!

போன் போட்டேன். குரலைச் சாதாரணமா வச்சுக்கிட்டேன், அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்.

"ஏங்க, அந்த ட்ரோன் ஒரு தடவையாச்சும் கனெக்ட் ஆச்சா?"

"இல்லையே. ஏன், அதை எதுக்கு எடுத்த? மீட்டிங்ல இருக்கேன் லச்சு."

மீட்டிங்காம். பின்னாடி எவனோ "சாய், சாய்"னு கூவறான், காக்கா கத்துது. போனை வச்சுட்டேன்.

அப்புறம் பாஸ்வேர்டு. அவரு பொறந்தநாள், வண்டி நம்பர், அவங்க அம்மா பேரு, எல்லாம் போட்டுப் பாத்தேன். திறக்கல. என் பேரை மட்டும் போட்டுப் பாக்கல. போட எனக்கு ரோஷம். பட்டனை அமுக்கிப் பிடிச்சா எல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிரும், கஸ்டமருக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக் குடுப்பேன். எனக்குக் கை வரல. அழிச்சா சாட்சியும் சேந்து போயிரும்ல?

ஹம்சினிக்குப் பதில் எழுதினேன். "சென்னைக்கே வந்துடறேன் மேடம்." எழுதிட்டு, அனுப்பற பட்டன் பக்கத்துல கட்டைவிரலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. இவருக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்.

கீழ இரும்பு கேட்டு கிரீச்சுன்னுச்சு. ட்ரோனோட கனெக்ஷன் லைட்டு அதுவரைக்கும் மஞ்சளா மினுக்கிட்டு இருந்துச்சு. கேட்டு சாத்துற சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்துல அது பச்சையாகி, ஆடாம அசையாம நின்னுச்சு.

பச்சைன்னா ஏதோ ஒரு போன் சேந்துருச்சுன்னு அர்த்தம். நான் சேக்கல. ஏற்கெனவே பாஸ்வேர்டு தெரிஞ்ச போன் பக்கத்துல வந்தா, யாரும் தொடாமலே தானாப் போய் ஒட்டிக்கும். அப்ப லொக்கி இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கா. இப்பத்தான் கேட்டைத் தொறந்து உள்ள வந்திருக்கா.

ட்ரோனைத் தூக்கிக்கிட்டுப் படியில தடதடன்னு எறங்கினேன். கதவைத் தொறந்தது பௌதி, கையில காய்கறிப் பை. வீட்டுல வேற ஒரு ஈ காக்கா இல்ல. வகிட்டுல அதே செக்கச்செவேல் சிந்தூர்.

"உங்க போனைக் காட்டுங்க"ன்னேன் இந்தியில. என்னைப் பாத்தே அவங்க பயந்துட்டாங்க, மறுபேச்சில்லாம நீட்டினாங்க. வைஃபையில, LOKKHI, கனெக்டட்.

"நீங்கதானா அந்த லொக்கி?"ன்னு கத்தினேன். "தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டே இந்த வேலை பாத்தீங்களா? வெக்கமா இல்ல?"

பௌதி என்னைப் பாத்தாங்க, ட்ரோனைப் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு, பையிலேருந்து கத்திரிக்காயெல்லாம் உருண்டுச்சு. "நானா? அட லூசுப் பொண்ணே, நீதான் லொக்கி! லக்ஷ்மின்னு எழுதுவோம், லொக்கின்னு கூப்பிடுவோம். அனன்யா எப்படிடி லொக்கி ஆவா?" இந்தியும் பெங்காலியும் கலந்து அவங்க சொன்னது இதுதான். சொவத்துல மாட்டியிருந்த மகாலக்ஷ்மி காலண்டரை வேற காட்டினாங்க. "இதோ, மா லொக்கி!"

எனக்கு மானமே போச்சு. சிவராமை ஷிப்ராமாக்கின வாய், லக்ஷ்மியை மட்டும் சும்மாவா விட்டிருக்கும்? எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. கீழ உக்காந்து கத்திரிக்காயைப் பொறுக்க ஆரம்பிச்சேன். ரெண்டு காய் பொறுக்கியிருப்பேன், கை நின்னுபோச்சு.

லொக்கி நான். சரி. லொக்கிக்கு எதுவும் தெரியாது.

"பௌதி, எனக்கு என்ன தெரியாது?"

சிரிச்சிட்டிருந்தவங்க முகம் அப்படியே சுருங்கிருச்சு. "ஷிப்ராம்கிட்டயே கேளு"ன்னாங்க. நான் நகரல. கடைசியில போன்ல ஒரு வீடியோவைத் தொறந்து என் கையில குடுத்தாங்க. ஏதோ ஒரு கல்யாண வீடு. மேலருந்து எடுத்த படம், சாமந்திப் பந்தல், பொண்ணு, மாப்பிள்ளை, நெத்தி பூரா சிந்தூர். படம் மெதுவாக் கீழ எறங்குது. ட்ரோனைப் பிடிக்க ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு ஓரமா ஒரு ஆளு நிக்கறாரு. கேட்டரிங் ஆளுங்களோட சேத்து அவருக்கும் ஒரு கறுப்புச் சட்டை. என் வீட்டுக்காரரு.

பூஜோ முடிஞ்சதும் அவங்க கம்பெனியில ஆளைக் குறைச்சிருக்காங்க. பௌதிதான் அலங்காரத்துக்குப் போற வீட்டுலயெல்லாம் சொல்லி அவருக்குப் படம் எடுக்கற வேலை வாங்கிக் குடுக்கறாங்களாம். படம் சரியா வருதான்னு பாக்க அவங்க போனையும் ட்ரோன்ல சேத்து வச்சிருக்காங்க. வேலை இல்லாத நாள்ல லேக் ஓரத்துல உக்காந்து லேப்டாப்ல வேலை தேடுவாராம். ட்ரோனை பையில போட்டுக்கிட்டுப் போயிடுவாரு, அலமாரியில வெறும் பெட்டிதான் இருக்கும். அன்னிக்குக் கல்யாணம் எதுவும் இல்ல, அதான் பெட்டிக்குள்ள ட்ரோனும் இருந்துச்சு. "உனக்குத் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான்"னாங்க.

மேல வந்து உக்காந்தேன். பாவமா இருந்துச்சு. அதைவிடக் கோவமா இருந்துச்சு. கீழ்வீட்டுக்குத் தெரியும், ஏழெட்டுக் கல்யாண வீட்டுக்குத் தெரியும், கூடப் படுத்து எந்திரிக்கிற எனக்குத் தெரியாதா? ஹம்சினிக்கு எழுதினதை அழிக்கல. அவரு வாயால உண்மை வரட்டும், வரலைன்னா அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணினேன். பொய்யோட குடும்பம் நடத்த என்னால ஆகாது.

சாயந்தரம் வந்தாரு. சட்டையை இன் பண்ணி, கழுத்துல ஆபீஸ் டேக் வேற.

"இன்னிக்கு ஆபீஸ் எப்படி இருந்துச்சுங்க?"

"அதை ஏன் கேக்கற, மீட்டிங் மேல மீட்டிங்."

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"கேன்டீன்லதான். சாம்பாரா அது? கழனித்தண்ணி."

இல்லாத சாம்பாரைக் கொறை சொன்னாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. செல்போனை எடுத்துக் கையில வச்சுக்கிட்டேன். ட்ரோனை எடுத்து, பட்டனை அமுக்கி மேசை நடுவுல வச்சேன். பச்சை லைட்டு நின்னு எரிஞ்சுச்சு.

"கடைசியா எப்பங்க ஒழுங்கா வேலை செஞ்சது?"

லைட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. கட்டைவிரல் பட்டன் மேலயே இருந்துச்சு எனக்கு. "சொல்லுங்க"ன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன்.

"நேத்து"ன்னாரு. "நேத்து பராநகர்ல ஒரு கல்யாணம்." டேக்கைக் கழட்டி மேசையில வச்சுட்டு, பொசுக்குன்னு உக்காந்து அழுதாரு. "எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவ. உன்கிட்ட எப்படிடி சொல்லுவேன்?"

நானும் அழுதேன். அழுதுக்கிட்டே முதுகுல ரெண்டு வச்சேன், நல்லா வலிக்கிற மாதிரியே.

"என்னத்துக்கு அந்தப் பேரு?"

"அந்த ஆப் பேரு வைக்கச் சொல்லிக் கேட்டுச்சு. பௌதி அப்படித்தான் உன்னைச் சொல்லுவாங்க. வேற பேரு எதுவும் தோணல."

செல்போன்ல எழுதியிருந்ததை அவருகிட்டக் காட்டினேன். படிச்சாரு. முகம் வெளுத்துப்போச்சு, ஆனா தலையை ஆட்டினாரு. "சரிதான். போ லச்சு. இங்க இனிமே என்ன இருக்கு? எனக்கு வேலையே இல்லையே."

அவரு கண் முன்னாடியே அந்த வரியை அழிச்சேன். கொல்கத்தான்னு எழுதி அனுப்பினேன்.

"எனக்கு இருக்குல்ல?"ன்னேன்.