ஏழாம் தளத்துக் கதவு

தொண்ணூற்று நாலாம் வருஷம் நான் கிள்ளானில் ஒரு லோரியில் கெலின்டானாக இருந்தேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சாமானை ஏற்றி இறக்குகிற வேலை. டிரைவர் ஜெயராஜ். அவனும் என்னை மாதிரி பண்டமாரான் ஊர்க்காரன்தான். வாய் ஓயாது, கை ஹாரனை விட்டு வராது.

ஒரு புதன்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் குணபூசணி அக்கா வீட்டுக்கு மேசை ஒன்று கொண்டுபோய் இறக்கினோம். அக்கா ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்ட். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சே தனி மாதிரி. மேசையைப் போட்டதும் கம்ப்யூட்டரையும் அதன்மேல் தூக்கி வைக்கச் சொன்னார். திரையில் ஒரு விளையாட்டு ஓடியது. இரண்டு வருஷமாக உட்கார்ந்து அவரே எழுதினதாம். தமிழ் எழுத்தைக்கூடப் புள்ளி புள்ளியாக அவரே வரைந்து வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் விளையாடிப் பாருங்கள் என்றார். அவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் இரண்டாம் தளத்திலேயே கொட்டாவி விட்டு எழுந்து போய்விட்டார்களாம்.

பூமிக்கு அடியில் பத்துத் தளம் உள்ள குகை. தளத்துக்குத் தளம் அறைகள், பூதங்கள், கீழே இறங்க ஒரு படிக்கட்டு. நாம் ஒரு அடி வைத்தால் பூதமும் ஒரு அடி வைக்கும். பத்தாம் தளத்தில் ஒரு விளக்கு இருக்கிறது, அதை எடுத்தால் ஜெயித்தோம். நடுவில் செத்தால் மறுபடி முதல் தளம்.

திரைக்கு அடியில் இரண்டு வரி வரும். 'கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கிறது' என்கிற மாதிரி. நான் நாற்பது வயதில், கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துப் படித்தவன். பஸ் போர்டை நான் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அன்றைக்கும் மெதுவாகத்தான் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் பூதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"ஏன்க்கா இது வரல?"

"நீங்கள் ஒரு அடி வைச்சால்தானே அது வைக்கும். சோறு திண்டுபோட்டு வந்தாலும் அப்பிடியேதான் நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'செப்பாட், செப்பாட்', சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டு வாங்கியே ஐம்பது வயதானவன் நான். என்னை அவசரப்படுத்தாத முதல் ஆள் அந்தப் பூதம்தான்.

அதிலிருந்து புதன்கிழமை சாப்பாட்டு நேரம் அக்கா வீட்டில் என்று ஆனது. குகையில் கிடைக்கிற வாள், கேடயம், மருந்துக் குப்பி எதையும் போட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது. எல்லாவற்றையும் படிக்கட்டு ஓரம் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகக் கீழே இறக்குவேன். ஜெயராஜ் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "அங்கேயும் போய்க் கெலின்டான் வேலைதானா? குகைக்குள்ள சாமான் இறக்குற ஒரே ஆளு நீதான்லா."

ஐந்து வாரத்தில் ஏழாம் தளம் வரை போனேன். அதைத் தாண்ட முடியவில்லை. அங்கே படிக்கட்டுக்கு முன்னால் ஒரு மூடிய கதவு. திறந்து உள்ளே போனால் ஐந்து பேய்கள் சுற்றி நின்று அடிக்கும்.

ஆறாவது வாரம் அக்கா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். புடு பக்கம் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு விளையாட்டைக் கொண்டுபோயிருக்கிறார். கடையின் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, குதிக்கிறதும் சுடுகிறதும்தான் விற்கும், இதை யார் பொறுமையாக விளையாடுவார்கள் என்று கேட்டிருக்கிறார். அக்கா நகரவில்லை. கடைசியில் தவுக்கே ஒரு வழி சொன்னாராம். சனிக்கிழமை, அக்காவின் சொந்தக்காரர் இல்லாத ஒருவர், கடையில் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தில் விளக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் தீபாவளிக்குள் இருபது டிஸ்கெட் அலமாரியில் ஏறும். இல்லாவிட்டால் அக்கா திரும்ப வந்து கேட்கக் கூடாது.

"நீங்க ஒரு தடவை வெளாடிக் காட்டியிருக்கலாமேக்கா."

அக்கா குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினவள் விளையாடினால் கணக்கில்லையாம். அதோட நாகையா, நானும் ஏழிலதான் சாகிறனான்."

வேறு ஆள் இல்லாததால் நானே விளையாட ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஜெயராஜ் லோரியைக் கடைக்கு எதிரே, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினான். அரை மணி நேரம்தான் என்றான். எனக்கு ஐந்தாம் தளம் போகவே முக்கால் மணி நேரம் ஆனது. கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக என் பின்னால் வந்து நின்றார்கள். ஆறாம் தளத்தில் வெளியே ஹாரன் அடித்தது. ஹாரன் சத்தம் கேட்டால் நகர்ந்து பழகிய உடம்பு. விரல் தானாக ஒரு தட்டுத் தட்டிவிட்டது. நேராகப் பூதத்தின் மேல் போய் முட்டி, பாதி உயிர் போயிற்று. தவுக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஏழாம் தளம். கதவு. நான் கையை எடுத்துத் தொடைப் பக்கம் சிலுவாரில் துடைத்துக்கொண்டேன். திரையில் ஒன்றும் அசையவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கன்டெய்னர் கதவைத் திறக்கும்போது எங்களில் யாரும் நேர் எதிரே நிற்க மாட்டோம். கப்பல் ஆட்டத்தில் சரிந்த சாமானெல்லாம் கதவில் சாய்ந்து கிடக்கும். தாழை எடுத்ததும் கதவோடு கதவாக ஒதுங்கி நின்று பத்து எண்ணுவோம். விழுகிறது விழுந்த பிறகுதான் உள்ளே கால் வைப்போம். இருபது வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. இந்தக் கதவில் மட்டும் ஒவ்வொரு தடவையும் நேராக நுழைந்து செத்திருக்கிறேன். விளையாட்டுத்தானே என்று நினைத்ததால் வந்த வினை.

கதவைத் திறந்தேன். ஒரு அடி பக்கவாட்டில் ஒதுங்கினேன். சும்மா நிற்பதற்கென்று அக்கா ஒரு பொத்தான் வைத்திருந்தார். யாரும் தொட்டதில்லை. அதை அழுத்தி நின்றேன். பேய் ஒன்று வாசலைத் தாண்டித் தலையை நீட்டியது. அடித்தேன். மறுபடி நின்றேன். அடுத்தது வந்தது. வாசல் ஒரு ஆள் அகலம்தான். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும்.

ஐந்தாவது விழுந்ததும் அக்கா என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "நான் எழுதின கதவு. இப்பிடித் திறக்கலாமெண்டு எனக்கே தெரியாது."

எட்டிலும் ஒன்பதிலும் அதே மாதிரிதான் போனேன். பத்தாம் தளத்தில் ஒரு பூதம்கூட இல்லை. நடுவில் விளக்கு மட்டும். எடுத்தேன். கீழே ஒரு வரி வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தவுக்கே கேட்டார். நான் கூட்டிப் படித்தேன். அத்தனை பேரும் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள்.

'வந்துவிட்டீர்களா? களைத்திருப்பீர்கள். உட்காருங்கள்.'

மலாயில் சொன்னேன். தவுக்கே சத்தமாகச் சிரித்தார். எழுந்து போய், அலமாரியில் இருந்த பெட்டிகளை முழங்கையால் ஒதுக்கி இடம் பண்ணினார். அக்கா டிஸ்கெட்டுகளைப் பையிலிருந்து எடுக்கும்போது இரண்டு கீழே விழுந்தன. நான்தான் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தேன்.

அப்போது ஜெயராஜ் திட்டிக்கொண்டே உள்ளே வந்தான். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று என் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் தளத்திலேயே செத்தான். இன்னொரு தடவை என்றான்.

சாலையில் போலீஸ் மோட்டார்சைக்கிள் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் போய் லோரியில் ஏறி ஹாரனை அழுத்தினேன். கடைக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"பொறுலா. இன்னும் நான் அடி வைக்கல."